டாக்டர் கோமதிநாயகத்தின் கேசட்டுகள்

ஏப்ரல் 19

நடந்ததை நடந்தபடி மட்டுமே இந்த டைரியில் எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன். கூட்டுவதில்லை, குறைப்பதில்லை, யாருக்காகவும் மெருகு போடுவதில்லை. எங்கள் வீட்டில் ஒருவராவது அப்படி இருக்க வேண்டும். அப்பா சங்கரன்கோவிலில் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை வைத்திருக்கிறார். கறுப்பானவர்களைச் சிவப்பாக்குவது, செத்துப்போனவர்களுக்கு இருபது வயதைக் குறைப்பது, வார்டு தேர்தலில் தோற்றவரைச் சிங்கத்தின் பக்கத்தில் நிறுத்துவது, இதுதான் எங்கள் தொழில்.

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததிலிருந்து கடையில் நான்தான் பிழை பார்க்கிறேன். சரியாக இருந்தால் கம்ப்யூட்டரில் மூலையில் சின்னதாக 'ஆ' என்று போடுவேன். என் பெயர் ஆவுடை. 'ஆ' விழுந்த பிறகு ஒரு பிழை இருந்தால் அது என் பிழை. ஆனால் ஓடுவது அப்பாதான். போன வாரம் ஒரு கண்ணீர் அஞ்சலி பேனரில் செத்தவரின் பெயருக்குப் பதில் மருமகனின் பெயர் விழுந்துவிட்டது. அப்பா ஏணியில் தானே ஏறிக் கழற்றி, ஒரு மணி நேரத்தில் புதிதாக அடித்து மாட்டினார். ஊருக்கே தெரியும், பாண்டியன் டிஜிட்டல்ஸ் பேனரில் பிழை தங்காது. பொய் தங்கலாம்.

டைரி ஓர் உரக்கம்பெனி கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு வேளாண் குறிப்பு இருக்கிறது. இன்றைக்கு: 'வேரைப் பார்த்து நீர் விடுக.' பார்த்துவிட முடிந்தால் அது எப்படி வேர் ஆகும் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 21

அண்ணன் கோமதிநாயகம் ரஷ்யாவில் டாக்டருக்குப் படித்து முடித்து, பங்குனி உத்திரத்துக்கு வந்தான். ஒரு பெட்டியை அவன் இன்னும் திறக்கவில்லை. அம்மா, "பூரா புஸ்தகமாத்தான் இருக்கும், அந்தக் கனம் கனக்கு. எடுத்து அலமாரில அடுக்கி வையிட்டி, அண்ணனுக்கு ஒத்தாசையா இருக்கும்" என்றாள். புத்தகம் என்றதும் நான் சாப்பாட்டைக்கூட முடிக்காமல் போய்த் திறந்தேன்.

ஒரு புத்தகம்கூட இல்லை. கேசட்டுகள். பெட்டி நிறையக் கேசட்டுகளும் ஒரு பழைய கேசட் பிளேயரும். ஒரு கேசட்டைச் சாக்குத் துணியில் சுற்றிக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். ஒன்றின் உள்ளே காய்ந்த பாசி. இன்னொன்றில் துருப்பிடித்த ஆணி, அட்டையோடு ஒட்டி. எங்கள் தெரு காயலான் கடைக்காரர்கூட ஆணியைத் தனியாகத்தான் எடை போடுவார்.

"மெடிக்கல் புஸ்தகம்லாம் எங்க?"

"இப்ப எல்லாம் போன்லதான் படிக்காங்க" என்றான் அண்ணன். பிறகு, "அந்த ஆணியப் பிச்சிராத. அந்தப் பாட்டுக் குழுக்காரன் மொத்தமே ஐம்பது கேசட்டுதான் போட்டான்" என்றான்.

அவன் இந்தியாவில் டாக்டராக வேலை செய்ய இன்னொரு தேர்வு எழுத வேண்டும். அதற்குத்தான் கதவைச் சாத்திக்கொண்டு படிப்பதாக வீட்டில் ஏற்பாடு.

ஏப்ரல் 22

ஒரு கேசட்டைக் கேட்டேன். உண்மையை எழுதுவதாகச் சொல்லியிருப்பதால் எழுதுகிறேன். கரும்பு ஜூஸ் மிஷினில் கையைக் கொடுத்த ஒருவர், அந்த மிஷினை நிறுத்தாமலே அதைப் பற்றிப் பேசுவதுபோல் இருந்தது. பின்னால் தகரக் கொட்டகை மேல் கூழாங்கல்லைக் கொட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அதுதான் மத்தளமாம்.

"இது காட்டுக்குள்ள ஒரு குடிசையில வச்சு எடுத்தது" என்றான் அண்ணன். "வேணும்னேதான் மோசமா ரெக்கார்ட் பண்ணுவாங்க."

"மோசமா எடுக்கதுக்கு ஏன் மெனக்கெடணும்?"

"மெனக்கெட்டாத்தான் இவ்ளோ மோசமா வரும்."

அவன் வந்த நாளிலிருந்து முகத்தில் ஒரு களை இருந்து நான் பார்த்தது அப்போதுதான். ரஷ்யாவில் இதற்கு ஆட்கள் இருக்கிறார்களாம். பேர் தெரியாத ஊர்களில், பேர் தெரியக்கூடாது என்றே வாசிக்கிறார்களாம். முகத்தையும் காட்ட மாட்டார்களாம். எங்கள் அப்பாவிடம் வந்தால் அவர்களுக்கு ஒரு நாள்கூடப் பிழைப்பு நடக்காது.

ஏப்ரல் 24

நூலகத்தில் பழைய ரஷ்ய மொழிப் பயிற்சி நூல் ஒன்று இருக்கிறது. எனக்கு முன்னால் யாரும் அதை எடுத்ததில்லை. தேதி முத்திரை குத்தும் தாளில் ஒரு தேதிகூட இல்லை. நூலகர், "பத்தாங்கிளாஸ் முடிச்சவ தட்டச்சுப் படிக்கலாம்லா" என்றார். கேசட் அட்டைகளில் என்ன எழுதியிருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்காக மட்டுமே எடுத்தேன். எதை வெறுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு வெறுப்பதுதான் முறை.

எழுத்துகள் வந்துவிட்டன. சில எழுத்து இங்கிலீஷ் மாதிரி இருந்து ஏமாற்றும். அண்ணனிடம் ஓர் அட்டையைக் காட்டி, "இது 'ஸ்லியாகோத்'. பனியும் சகதியும் கலந்தது. ஒரு சங்கீதக் குழுவுக்கு இதைவிட நல்ல பேர் கிடைக்கலியா?" என்றேன்.

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "எப்ப படிச்ச?"

"முந்தா நாள்."

"எனக்கு ஆறு மாசம் ஆச்சு" என்றான். அவன் ஆறு வருடம் ரஷ்யாவில் படித்தவன்.

ஏப்ரல் 26

இரண்டு வகை இருக்கிறது. முதல் வகை கத்துவது. இரண்டாவது வகையில் யாரும் கத்துவதில்லை. மிஷின் மட்டும் ஓடும். இருட்டுக்குள் ஒரு தொழிற்சாலையை நிறுத்த மறந்துவிட்டுப் போனதுபோல் ஒரே தாளம், அடியில் ஒரு முனகல். இதைக் கேட்க ரஷ்யாவுக்கு விமானம் ஏற வேண்டியதில்லை. எங்கள் தெருக்கோடியில் முப்புடாதி அண்ணாச்சி தறிக்கூடத்தில் காலையிலிருந்து இலவசமாகக் கேட்கலாம். அதுவாவது கடைசியில் ஒரு துண்டு தருகிறது.

'கத்யேல்னயா' என்று ஒரு குழு. 'கொதிகலன் அறை' என்று பொருள். இவர்கள் அட்டையில் ஆணி, பாசி எதுவும் இல்லை. சாம்பல் நிற அட்டை, ரப்பர் ஸ்டாம்பு. அதில் இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டுக்கு ஒரு தலைப்பு இருக்கிறது, பயிற்சி நூலின் அகராதியில் எங்கு தேடியும் இல்லை. சொந்த மொழியே தெரியாதவர்கள்போல.

மதியம் அப்பா சாப்பிட வந்தவர் ஒரு கேசட்டை எடுத்துப் பார்த்தார். மேலே குழுவின் பெயர் வேர் வேராகப் பின்னிக் கிடக்கும்.

"என்னடே இது, கருவேல முள்ளா?"

"பேருப்பா" என்றான் அண்ணன்.

"யாரு வாசிப்பா?"

"வாசிக்கக் கூடாதுன்னுதாம்ப்பா அப்படி."

"இப்படி அடிச்சுக் குடுத்தா என் கஸ்டமரு செருப்பக் கழத்திருவான்." கையைக் கழுவிவிட்டு வந்து மறுபடியும் எடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "இடமும் வலமும் ஒண்ணுபோல இருக்கு, ஆனா அச்சா ஒண்ணில்ல. கம்ப்யூட்டர்ல திருப்பிப் போட்டது இல்ல இது. கையால வரஞ்சிருக்கான்." பிறகு கடைக்குப் போனார். அந்த ஒரு பொருளைத் தவிர அண்ணன் ரஷ்யாவிலிருந்து கொண்டுவந்த எதையும் அப்பா கண்ணாடி போட்டுப் பார்த்ததில்லை. சான்றிதழைக் கேட்டதும் இல்லை. தபாலில் வருகிறது என்று அண்ணன் சொன்னான், சரி என்றார்.

ஏப்ரல் 28

தெருவில் அண்ணனுக்குக் கைராசி என்று பெயர் வந்துவிட்டது. யார் வந்து என்ன கேட்டாலும் அவன் சொல்வது ஒன்றுதான்: "நாளைக்குக் காலைல பெரியாஸ்பத்திரில போய்க் காட்டுங்க." அவர்கள் போகிறார்கள். அங்கே ஊசி போடுகிறார்கள். குணமாகிறது. திரும்பி வந்து அண்ணனுக்கு நுங்கு கொடுக்கிறார்கள்.

"ஒரு மாத்திர எழுதல, ஒரு ரூவா வாங்கல. பாத்தவொடனே சொல்லிட்டான் பாரு, எங்க போவணும்னு" என்று பக்கத்து வீட்டுக் கிட்ணம்மாள் பெரியம்மா எங்கள் அம்மாவிடம் சொன்னாள். அந்த வழியை பஸ் கண்டக்டரும் சொல்வார்.

மே 1

செல்லையா மாமா வந்தார். அம்மாவின் தம்பி, நண்பர்கள் நற்பணி மன்றத்துக்குத் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் அவரே. நண்பர்களை நான் பார்த்ததில்லை.

"அத்தான், பதினெட்டாந் தேதி ஞாயித்துக்கிழம நம்ம தெருக்கோடி முப்புடாதியம்மன் மண்டபத்துல இலவச மருத்துவ முகாம். நம்ம மருமவன்தான் தலைமை டாக்டரு. பிரசரு, சுகரு, மாத்திர எல்லாம் அங்கனயே. பேனரு ஒங்க பொறுப்பு. இருபதுக்குப் பத்து."

"முகாம்லாம் வேண்டாம் மாமா" என்றான் அண்ணன். "எனக்குப் பரிட்சை இருக்கு."

"பாத்தியா அக்கா, அடக்கத்த." மாமா அண்ணன் முதுகில் தட்டினார். "ஏ மருமவனே, ரஷ்யாக்காரனுக்கு வைத்தியம் பாத்தவன் நம்ம தெருக்காரனுக்குப் பாக்க மாட்டியா? வெள்ளத்தோலுன்னாத்தான் ஊசி எறங்குமோ?"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். அம்மா பாயசத்துக்குப் பால் வாங்கிவர என்னை அனுப்பினாள். அப்பா மட்டும் இருபதுக்குப் பத்து என்று ஒரு தாளில் எழுதி, அதை மடித்து, மறுபடியும் பிரித்துப் பார்த்தார்.

மே 3

ஸ்லியாகோத் இரண்டாம் கேசட்டின் மூன்றாம் பாட்டில், கத்துபவர் நடுவில் ஒரு முறை மூச்சு வாங்குகிறார். அதை அவர்கள் வெட்டி எடுத்திருக்கலாம். சோம்பேறிகள். (அந்த இடத்துக்கு முன்னால் நான் ஒலியைக் கூட்டி வைப்பது அது கேட்கிறதா என்று சரிபார்க்க மட்டுமே.)

மே 5

அண்ணனை மாமா போட்டோ எடுக்கவும் முடி வெட்டவும் கூட்டிக்கொண்டு போயிருந்தார். நான் அவன் அறையில் ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு கத்யேல்னயா கேசட்டின் இரண்டாம் பக்கத்தை முழுவதும் கேட்டேன். குறை சொல்வதற்கு முழுவதும் கேட்டிருக்க வேண்டும்.

கடைசிப் பாட்டு. அந்த அகராதியில் இல்லாத தலைப்பு. முதலில் மிஷின். தடக் தடக் தடக் தடக், பிறகு ஒரு சின்ன நொண்டல், மறுபடி தடக். எங்கேயோ கேட்ட நொண்டலாக இருந்தது. ஹெட்ஃபோனைக் கழற்றினேன். ஜன்னல் வழியே அதே நொண்டல் வந்துகொண்டிருந்தது. முப்புடாதி அண்ணாச்சியின் மூன்றாம் தறி. அதை அவர் பல வருடமாகச் சரி பண்ணவில்லை.

மறுபடியும் போட்டுக்கொண்டேன். தறிக்கு அடியில் அந்த முனகல் வந்தது. ரொம்ப மெதுவாக்கிய ஒரு பெண் குரல். ரஷ்யப் பெண் என்று நினைத்தேன். போகப்போக அதன் வேகம் கூடிக்கொண்டே வந்தது, ஆழக் கிணற்றிலிருந்து வாளி ஏறுவதுபோல. பாட்டு முடியும் இடத்தில் குரல் மேலே வந்துவிட்டது.

"தம்பி சாப்பிட்டியா? காதக் கட்டிக்கிட்டுப் போப்பா. பரிட்ச நல்லா எழுதிருக்கியா? சரி, வச்சிருதேன். சரிப்பா. வச்சிருதேன். வச்சிருதேன்."

எங்கள் அம்மா போனை வைக்கிறேன் என்று நான்கு தடவையாவது சொல்லாமல் வைக்க மாட்டாள். இதில் அவள் வைக்கவே இல்லை. வச்சிருதேன், வச்சிருதேன் என்று தறியோடு சேர்ந்து நாடா தீரும்வரை சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

அட்டையை எடுத்து அந்தத் தலைப்பை எழுத்துக் கூட்டினேன். ரஷ்ய எழுத்தில் 'வச்சிருதேன்' என்றுதான் எழுதியிருக்கிறார்கள். அட்டையின் அடியில் இரண்டு பெயர்கள். ஒன்று ஏதோ ஆர்த்யோம். இன்னொன்று நாயகம்.

அம்மா சமையல்கட்டிலிருந்து, "ஏட்டி, சாப்பிட்டியா?" என்றாள்.

மே 6

இன்று நடந்ததை எழுதவில்லை. எழுதாமல் இருப்பது பொய் ஆகாது. வேளாண் குறிப்பு: 'களையை இளசிலேயே எடுக்கவும்.'

மே 7

நேற்று நடந்தது இது. மொட்டைமாடியில் வடாம் காவலுக்கு நானும் அண்ணனும் உட்கார்ந்திருந்தோம். கேசட்டை அவன் மடியில் வைத்தேன். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மூணாம் வருசத்தோட விட்டுட்டேன்" என்றான். "பார்மகாலஜில ரெண்டு தடவ போச்சு. மூணாவது தடவ எழுதப் போனேன். பாதி வழில பஸ்ஸ விட்டு எறங்கிட்டேன்."

இறங்கிய இடத்தில் ஒரு பழைய கொதிகலன் கட்டடம். அதன் நிலவறையில் இந்தக் குழுக்கள் வாசிப்பார்கள். வயர் சுற்ற ஆள் தேவைப்பட்டது. வயர் சுற்றினான். பிறகு ஒலி மேஜையில் உட்கார வைத்தார்கள். பிறகு அந்த ஆர்த்யோமும் இவனும் சேர்ந்து இதைச் செய்தார்கள். போனில் ஊர் ஒலிகள் இருந்தனவாம்: தறி, பதிவு செய்து வைத்த அம்மாவின் போன் பேச்சுகள், ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம், நான் சின்ன வயதில் குறள் ஒப்பித்தது.

"என்னையும் போட்ருக்கியா?"

"அது நாலாவது பாட்டு. திருப்பி ஓட்டிருக்கேன், கண்டுபிடிக்க முடியாது."

"யாரு கேப்பா இத?"

"முப்பது பேரு வருவாங்க. லைட்ட அணச்சிருவோம். ஒரு கெழவர் ஒருத்தர் வருவாரு, சுரங்கத்துல வேல பாத்தவரு. இந்தப் பாட்டு முடிஞ்சதும், இந்தம்மா என்ன கேக்காங்கன்னு கேட்டாரு. சாப்பிட்டியான்னு கேக்காங்கன்னு சொன்னேன். எங்கம்மாவும் அதத்தான் கேட்டாங்கன்னாரு."

முப்பது பேர். ஒரு கிழவர். இதற்காக ஒருவன் குடும்பத்தையே ஏமாற்றுவான் என்றால் அவனைவிடக் கேவலமானவன் கிடையாது. இதை அவன் முகத்துக்கு நேராகச் சொன்னேன். "ஆமா" என்றான். வடாமைக் காக்கை கொத்தியதை இரண்டு பேருமே பார்க்கவில்லை. அம்மா திட்டினாள்.

நாலாவது பாட்டைக் கேட்டேன். கண்டுபிடிக்க முடியாது என்பது அவனுடைய கர்வம். மூன்றாவது குறளில் நான் திக்கினது திருப்பி ஓட்டினாலும் திக்கல்தான்.

மே 10

கிட்ணம்மாள் பெரியம்மா வந்திருந்தாள். பேச்சுவாக்கில், "பெரியாஸ்பத்திரி சுகர் மாத்திரைய நிப்பாட்டிட்டேன் தாயி" என்றாள். "ஒம் மவன் பதினெட்டாந் தேதி பாத்து நல்ல மாத்திரையா எழுதித் தருவான்லா. நாலு வருசமா அந்தக் கசப்பத் தின்னு நாக்கு செத்துப்போச்சு. சும்மாவா ரஷ்யாவுல படிச்சிருக்கான்."

அண்ணன் அறையிலிருந்து வெளியே வந்தான். "பெரியம்மா, மாத்திரைய நிறுத்தாதிய. இன்னைக்கே போடுங்க."

"நீ சொன்னாச் சரிதான் ராசா" என்றாள். வாசல்படி இறங்கும்போது என்னிடம், "புள்ளைக்கு எம்புட்டு அக்கற. இருந்தாலும் பதினெட்டு வரைக்கும் பொறுத்துக்கிடுதேன், ரெண்டு மருந்து ஒண்ணுக்கொண்ணு ஆவாது" என்றாள்.

பாதம் வீங்கியிருக்கிறது. செருப்பு நுழையவில்லை. இப்படித் தெருவில் எத்தனை பேர் பதினெட்டாம் தேதிக்காக மாத்திரையை நிறுத்தியிருக்கிறார்கள் என்று தெரியாது. நான் அவள் வீட்டுக்குப் போய்ப் பக்கத்தில் நின்று விழுங்க வைத்தேன். என் எதிரில் விழுங்கினாள். நாளைக்கு யார் நிற்பது?

மே 12

நான்தான் நின்றேன். எனக்கு வேறு வேலை இல்லையா?

மே 13

பேனர் வடிவமைப்பு முடிந்தது. அண்ணனுக்கு வெள்ளைக் கோட்டு இல்லாததால் அப்பா கம்ப்யூட்டரில் போட்டார். அது ராஜபாளையத்துப் பல் டாக்டர் ஒருவர் திறப்பு விழாவுக்கு எடுத்த கோட்டு. அவர் கழுத்தை வெட்டிவிட்டு அண்ணன் தலையை வைத்திருக்கிறார். ஸ்டெதஸ்கோப்பும் அவருடையதுதான்; பல் டாக்டருக்கு அது எதற்கு என்று அப்போதே கேட்டேன். 'டாக்டர் ச. கோமதிநாயகம், எம்.டி. (ரஷ்யா)' என்று மஞ்சளில், சிவப்புக் கரை கட்டி. ஒரு ஓரத்தில் செல்லையா மாமா கும்பிடுகிறார். அவர்தான் அண்ணனைவிடப் பெரிதாக இருக்கிறார்.

அப்பா என்னிடம், "பொறவு பாத்து 'ஆ' போட்டு வை. அவசரமில்ல. நிதானமாப் பாரு" என்றார்.

எங்கள் கடையில் அப்பா அவசரமில்லை என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

மே 15

"நீயே சொல்லிரு" என்றேன் அண்ணனிடம்.

"முகாம் முடியட்டும்."

"முகாம்ல கிட்ணம்மா பெரியம்மாவுக்கு என்ன எழுதிக் குடுப்ப?"

"பெரியாஸ்பத்திரிக்குப் போவச் சொல்லுவேன்."

"எல்லாரையுமா? எரநூறு பேரையுமா? மாத்திர டப்பாவ மேசைல வச்சிருப்பாரு மாமா. நீ எழுதலைன்னா அவரே எடுத்துக் குடுத்துருவாரு."

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "அம்மா மொகத்தப் பாத்துச் சொல்ல முடியல ஆவுடை" என்றான். "ஒவ்வொரு தடவையும் வாயத் தொறப்பேன். சாப்பிட்டியாம்பா."

கோழை. முப்பது அந்நியர்களிடம் இருட்டில் சொன்னவன், நான்கு பேரிடம் வெளிச்சத்தில் சொல்ல மாட்டான்.

மே 16

ரிசல்ட் வந்தது. பள்ளியில் இரண்டாவது. முதலாவது வந்தவள் மனப்பாடம்.

மதியம் அப்பா டீ குடிக்கப் போனபோது முகாம் பேனரைத் திறந்து பிழை பார்த்தேன். உண்மையல்லாத சொற்கள் மொத்தம் மூன்று இருந்தன. எடுத்தேன். 'ஆ' போட்டுவிட்டேன்.

சாயங்காலம் அப்பாவே மிஷினை ஓட்டினார். இருபது அடியையும் தரையில் விரித்து, முட்டி போட்டு, ஓரம் முழுவதும் கயிறு கட்டும் வளையம் அடித்தார். வளையம் அடிக்கும்போது அவர் ஓரத்தை மட்டும்தான் பார்ப்பார், எழுத்தைப் பார்க்க மாட்டார். சுருட்டிக் கட்டி வைத்துவிட்டு, "நீ ஒண்ணாவது வந்துருக்கணும். பரவால்ல" என்றார்.

மே 17

சாயங்காலம் மண்டப வாசலில் பேனர் ஏறியது. இருட்டுவதற்குள் ஃபோகஸ் லைட்டையும் போட்டுவிட்டார்கள். தெருவே நின்று பார்த்தது. அம்மா பட்டுச்சேலை கட்டியிருந்தாள், பேனரைப் பார்க்க.

'இலவச மருத்துவ முகாம். ச. கோமதிநாயகம்.' அவ்வளவுதான். வெள்ளைக் கோட்டு மட்டும் மீதி. பட்டம் இல்லாத ஒருவர் அந்தக் கோட்டில் நின்றால் ஐஸ்கிரீம் வண்டிக்காரர் மாதிரி இருப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மாமாதான் முதலில் வாசித்தார். "அத்தான், டாக்டர் எங்க?"

"அந்தா நிக்கானே" என்றார் யாரோ, அண்ணனைக் காட்டி.

"பேனர்ல எங்கவே? டாக்டரக் காணும், எம்.டி.யக் காணும். ஏ அத்தான், அச்சுல விட்டுப்போச்சு. எறக்குங்க எறக்குங்க. ஒரு மணி நேரத்துல மாத்திருவியள்ளா."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அந்த மருமகன் பெயர் விழுந்த கதை ஊருக்கே தெரியும். ஏணி அங்கேயே சாய்ந்திருந்தது. நான் முன்னால் போய், 'ஆ' என்னுடையது, நான்தான் பிழை பார்த்தேன் என்று சொல்லத் தொடங்கினேன். அப்பா என் தலைமேல் கையை வைத்து அமுக்கினார். பேச்சு நின்றுவிட்டது.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலே பார்த்தார். நேரம் எடுத்து, இடமும் வலமும் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்து, பேனர் வாங்க வந்த ஆளிடம் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"தம்பி, ஒம் பேருதான். நீ சொல்லு. இதுல ஏதாவது விட்டுப்போயிருக்கா?"

முப்புடாதி அண்ணாச்சி தறியை நிறுத்தவில்லை. மூன்றாம் தறி நொண்டியது. அண்ணன் அம்மாவைப் பார்த்தான். இந்தத் தடவை அம்மா சாப்பிட்டியா என்று கேட்கவில்லை.

"இல்லப்பா" என்றான். "சரியாத்தான் இருக்கு."

"என்ன மருமவனே சொல்லுத?" என்றார் மாமா.

"நான் டாக்டர் இல்ல மாமா. படிச்சு முடிக்கல." பிறகு கூட்டத்தைப் பார்த்து, சத்தமாக, "கிட்ணம்மா பெரியம்மா, மத்தவங்களும் கேட்டுக்கிடுங்க, மாத்திரைய நிறுத்துனவங்க இன்னைக்கே போடணும். நாளைக்கு எங்கிட்ட ஒண்ணும் கெடையாது."

மாமா என்னென்னவோ சொன்னார். 'மானம்' என்ற சொல் ஐந்தாறு தடவை வந்தது. நற்பணி மன்றத்துக்கு அது இருந்தது எனக்கு அதுவரை தெரியாது. கிட்ணம்மாள் பெரியம்மா அண்ணனிடம் போய், "அப்பம் யாரு சொல்லித்தான் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன்?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் வீங்கிய காலோடு வீட்டைப் பார்த்து நடந்தாள். நுங்கு கொடுத்த இன்னொருத்தி திரும்பி நின்று, "பொய்காரப் பய" என்றாள். அண்ணன் தலையைக் குனியவில்லை. அதற்காக அவனை நான் மதிக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

பேனரைக் கழற்ற மாமா ஏணியில் கால் வைத்தார். "பிழை இருந்தா நான் எறக்குவேன்" என்றார் அப்பா. "இதுல பிழை இல்ல."

இப்போது வீட்டில் இருக்கிறோம். நடப்பதை நடக்க நடக்க எழுதுகிறேன். அடுப்பு பற்றவைக்கவில்லை. அம்மா பட்டுச்சேலையோடு தரையில் உட்கார்ந்திருக்கிறாள். அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில். "ஒங்களுக்குத் தெரியுமா?" என்று அம்மா கேட்டாள். "பரிட்சை பரிட்சைன்னான், ஒரு நாளும் என்ன பரிட்சைன்னு சொல்லல" என்றார் அப்பா. "நானும் கேக்கல."

அண்ணன் அறைக்குள் போனான். கதவைச் சாத்தவில்லை. கேசட் பிளேயரைத் தூக்கிக்கொண்டு வந்து அம்மாவின் முன்னால் வைத்தான். "படிக்காம இதத்தாம்மா பண்ணேன்" என்று சொல்லிவிட்டு அழுத்தினான். உலகத்தில் எவ்வளவோ சமாதானம் இருக்கும்போது இந்த மடையனுக்கு இதுதான் கிடைத்தது.

தறி ஓடுகிறது. "முப்புடாதி வீட்டுத் தறில்லா" என்கிறாள் அம்மா, உடனே. எனக்கு அதற்கு இரண்டு வாரம் ஆயிற்று.

முனகல் வருகிறது. அம்மா முகத்தைச் சுளிக்கிறாள். குரல் மேலே ஏறி ஏறி வருகிறது. சுளிப்பு அப்படியே நிற்கிறது.

"தம்பி சாப்பிட்டியா?" என்கிறது கேசட்.

"நானா இது?" என்கிறாள் அம்மா. "என் சத்தம் இம்புட்டுக் கண்றாவியாவா இருக்கும்?"

வச்சிருதேன், வச்சிருதேன். நாடா தீர்ந்து பட்டென்று பொத்தான் எகிறியது. அம்மா கேசட் பிளேயரை மேலும் கீழும் பார்த்தாள். அண்ணனைப் பார்க்கவில்லை.

"இத்தன வருசமா நான் போன வச்சதும் நீ இதத்தான் கேட்டியா?"

"ஆமாம்மா."

அம்மா மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். பட்டு எதையும் துடைக்காது.

"இன்னொரு தடவ போடு" என்றாள். அண்ணன் நாடாவைத் திருப்பி ஓட்டினான். "நீங்க அங்க எப்படிக் கேப்பிய, அப்படியே போடு."

"லைட்ட அணச்சிட்டும்மா."

"அப்பம் அண."

நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், ஒரு நிமிடம் பொறுங்கள் என்றேன். அப்பா எழுந்து சுவிட்சுப் பக்கம் போகிறார். அம்மாவின் முகத்தில் இருப்பதை எழுத இன்னும் ஒரு வரி வேண்டும். விளக்கை அணைத்துவிட்டார்